சிறுவர் புத்தகக் கடையில் முதல் எழுத்தாளர் சந்திப்பு: எந்த நாள், எத்தனை பிரதி, எவ்வளவு செலவு?

வாசல்படி, சுங்கை சிப்புட்

வணக்கம். டவுனில் சிறுவர் புத்தகம் மட்டும் விற்கும் சின்னக் கடை எங்களுடையது. இருபதடி அகலக் கடைவீட்டின் முன்பாதி. அலமாரி போக நடுவில் பத்தடிக்குப் பதினாறடி இடம் தேறும். கோலாலம்பூரிலிருந்து ஒரு படக்கதை எழுத்தாளர் வர ஒத்துக்கொண்டிருக்கிறார். சொந்தமாக அச்சிட்ட புதிய புத்தகம் 15 வெள்ளி (ரிங்கிட்), பழைய தலைப்புகள் இரண்டு, தலா 12 வெள்ளி. வாராந்தரக் கதைநேரம் நடத்திய பழக்கம் உண்டு. வெளியாளை அழைத்து நடத்துவது இதுதான் முதல்.

சனிக்கிழமை காலை பத்து மணி சரிதானா? நாற்பது பிள்ளைகள் என்று வைத்தால் எத்தனை பிரதி எடுத்து வைப்பது? நுழைவுக்குக் காசு வாங்கலாமா? டவுன் பிள்ளைகள் எப்படியும் வந்துவிடுவார்கள். எட்டுப் பத்துக் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் செம்பனை (பாமாயில்) தோட்டத்துப் பிள்ளைகள் வரவேண்டும், அதற்கு வழி என்ன? எழுத்தாளருக்கு என்ன கொடுப்பது முறை? அவர் ஒன்றுமே கேட்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.


இரண்டாம் அலமாரி, தைப்பிங்

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், மற்ற கணக்கெல்லாம் அதில்தான் தொங்குகிறது. அவர் கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். "வாங்க, பாத்துக்கலாம்" என்று விட்டால் அவர் மனத்தில் ஒரு தொகையோடு வருவார், நீங்கள் கையில் ஒரு பொன்னாடையோடு நிற்பீர்கள். ஒரு பக்க மின்னஞ்சல் போதும்: நாள், நேரம், எத்தனை அமர்வு, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், எந்த வயதுப் பிள்ளைகள், சன்மானம், பயணம், தங்கும் இடம், புத்தகத்தை யார் கொண்டுவருவது, கடைக்கு எத்தனை விழுக்காடு, விற்ற பணம் எத்தனை நாளில் கைக்குப் போகும். புலனத்தில் (வாட்ஸ்அப்) பேசியது புலனத்திலேயே புதைந்துவிடும், அதனால் மின்னஞ்சல்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 15 வெள்ளிப் புத்தகம் 25 போனால் 375 வெள்ளி. கடைக்கு 40 விழுக்காடு என்று பேசினால் கையில் நிற்பது 150. சன்மானம் 300, ரயிலும் ஓரிரவு அறையும் சேர்த்து 200 என்று வைத்துக்கொண்டால் 350 வெள்ளி துண்டு விழும். கடை நிகழ்ச்சி ஒன்றை மட்டும் நம்பி வெளியூர் எழுத்தாளரைக் கூப்பிட்டால் இப்படித்தான் முடியும். அதே பயணத்தில் இரண்டு பள்ளிகளைச் சேர்த்துவிடுங்கள். பள்ளிக்கு 175 வீதம் கிடைத்தால் துண்டு அடைபட்டுவிடும்.

பிரதி எத்தனை? நாற்பது பிள்ளைகள் என்றால் நாற்பது வீடு இல்லை. அண்ணன், தங்கை, சித்தப்பா மகள் என்று சேர்ந்துதான் வருவார்கள், இருபத்திரண்டு, இருபத்தைந்து குடும்பம் இருக்கும். புதிய புத்தகம் 25, பழையது ஒவ்வொன்றிலும் 8. பள்ளி முன்பதிவுக்கு உள்ள பெட்டி தனி, அதில் கைவைக்கக் கூடாது. விற்காததைத் திருப்பித் தரும் ஏற்பாடு என்றால் ஐந்தாறு அதிகம் வைப்பதில் நட்டமில்லை. தமிழ்நாட்டுப் பதிப்பகத்துப் புத்தகமாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அதைத் திருப்பி அனுப்பும் செலவு புத்தக விலையைத் தாண்டும், கப்பலில் வருவதற்கும் எட்டு வாரம் முன்னதாகச் சொல்லி வைக்க வேண்டும்.

எழுத்தாளர் பெட்டியோடு வந்ததும் இருவரும் சேர்ந்து எண்ணுங்கள். வந்தது, விற்றது, முனை நசுங்கியது, திரும்பியது என்று நான்கு கட்டம் போட்ட தாளில் வரும்போதும் போகும்போதும் இருவர் கையெழுத்தும் விழட்டும். நசுங்கியது யார் கணக்கு என்பதையும் மேலே சொன்ன மின்னஞ்சலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் ஒன்றை எடுத்து அட்டையில் "மாதிரி" என்று ஒட்டி மேசைமேல் போடுங்கள். போடாவிட்டால் விற்க வைத்ததில் மூன்று நான்கு கைபட்டே அழுக்காகும்.

பிரதி தீர்ந்துபோவதற்கும் ஒரு வழி உண்டு. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒட்டுத்தாள் முப்பது அச்சடித்து, எழுத்தாளரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வரிசைக் கடைசியில் புத்தகம் கிடைக்காத பிள்ளையிடம் பணத்தை வாங்கி, அந்த ஒட்டுத்தாளில் அதன் பெயரை எழுதச் சொல்லி, அடுத்த வாரம் வரும் பிரதியில் ஒட்டிக் கொடுத்துவிடலாம்.

நாள் எதுவானாலும் ஏழாம் தேதிக்குப் பிறகு வையுங்கள். 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கைக்கு வந்தாக வேண்டும். அதனால் இரண்டாவது வாரக்கடைசிதான் நல்லது. நான்காவது வாரம் கூட்டம் வரும், கல்லாவில் சத்தம் இருக்காது.

நுழைவுக்கு ஐந்து வெள்ளி வாங்கி, புத்தகம் எடுத்தால் அதைக் கழித்துக்கொள்வது என் வாக்கு. இலவசம் என்று போட்டால் அறுபது பேர் பெயர் கொடுத்து இருபது பேர் வருவார்கள். உங்களுக்குப் பத்தடிக்குப் பதினாறடிதான் இருக்கிறது. பாயில் சம்மணமிட்டு உட்காரும் பிள்ளைக்கு நான்கு சதுர அடி வேண்டும், நாற்பது பேரில் 160 சதுர அடியும் போய்விடும். பெற்றோர் அலமாரியை மறைத்துக்கொண்டு நிற்பார்கள், மறைந்த அலமாரியில் விற்பனை இல்லை. கையெழுத்து மேசையைக் கடையின் பின்பக்கம் போட்டு, வரிசை அலமாரி ஓரமாகப் போய்க் கல்லாவில் முடியும்படி விடுங்கள். பலர் மேசையை வாசலில் போட்டுவிட்டு, வரிசை ரோட்டுக்குப் போய்விட்டது என்பார்கள். கடைமுன் ஐந்தடி நடைபாதையில் நாற்காலியோ கூடாரமோ போடுவதாக இருந்தால் நகராண்மைக் கழகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.


செம்பனைக் காடு

சனிக்கிழமை காலை பத்து மணின்னா தோட்டத்துலருந்து ஒரு ஆளும் வரமாட்டாங்க. இப்பச் செம்பனைப் பழம் வெட்டுறது பெரும்பாலும் வெளிநாட்டு ஆளுங்கதான். நம்ம ஆளுங்க லோரி, டிராக்டர், ஆலை, இல்லாட்டி டவுன் பக்கம் ஃபாக்டரியில ஷிப்டு. அவங்கள்ல நெறைய பேருக்குச் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் வேலை. பிள்ளையைக் கூட்டிட்டு வர யாரு இருக்கா?

ஞாயிறு காலை பத்தரை வைங்க. கோயில், தேவார வகுப்பெல்லாம் அதுக்குள்ள முடிஞ்சிரும். சம்பளம் போட்ட ஞாயித்துக்கிழமை எப்படியும் குடும்பத்தோட மார்க்கெட்டுக்கு டவுனுக்கு வருவாங்க. அந்தப் பயணத்துலயே உங்க கடையும் சேந்துக்கட்டும். மத்தியானத்துக்கு மேல வேணாம், மூணு மணிக்கு வானம் கறுத்தா மோட்டார்ல வர்றவங்க கிளம்பவே மாட்டாங்க. ஏப்ரல் மேயும் அக்டோபர் நவம்பரும் சாயங்கால மழை இன்னும் மோசம். தேதி போடறதுக்கு முன்னாடி அந்தந்தத் தோட்டத்துக் கோயில் தலைவருக்கு ஒரு போன் போட்ருங்க. திருவிழா ஒவ்வொரு தோட்டத்துலயும் ஒவ்வொரு மாசம். கரகம் கிளம்புற அன்னைக்கு உங்க எழுத்தாளரைப் பாக்க யாரும் வரமாட்டாங்க.

வேன் வைக்கிறதா இருந்தா ஒன்னு பாத்துக்குங்க. பள்ளிக்கூட வேன் பெர்மிட்டு பள்ளிப் பயணத்துக்கு எடுத்தது. ஞாயித்துக்கிழமை கடைக்கு ஏத்திட்டு வந்தா பெர்மிட்டும் இன்சூரன்சும் செல்லுமான்னு வேன்காரர்கிட்ட கேட்டு, பதில எழுத்துல வாங்குங்க. ஒரு வேனுக்குப் பெரியவங்க ஒருத்தர் கட்டாயம். ஏறுறப்பவும் எறங்குறப்பவும் பேர் வாசிச்சு எண்ணணும். திரும்ப ஏத்துறது பன்னண்டரையத் தாண்டக் கூடாது, சாப்பாட்டு நேரம்.

இன்னொரு வழி, எழுத்தாளரையே உள்ள கூட்டிட்டுப் போயிருங்க. கோயில் மண்டபமோ பிள்ளைங்கள விட்டுட்டுப் போற பழைய ஆயாக் கொட்டகையோ போதும். மூணு நாளைக்கு முன்னாடி தோட்ட ஆபீசுல கிராணி (குமாஸ்தா)கிட்ட ஒரு கடிதம் குடுங்க: கார் நம்பர், எத்தனை பேரு, எத்தனை மணி. கடிதம் இல்லாமப் போனா கேட்ல அடையாள அட்டைய வாங்கி வச்சுக்கிட்டு ஆபீசுக்கு போன் போடுவாங்க, ஞாயித்துக்கிழமை ஆபீசுல யாரும் எடுக்க மாட்டாங்க.

நுழைவுக்கு அஞ்சு வெள்ளி சரிப்படாது. மூணு பிள்ளைங்க இருக்கிற வீட்ல புத்தகத்தக் கண்ணால பாக்குறதுக்கு முன்னாடியே பதினஞ்சு வெள்ளி. வேன்ல வர்ற பிள்ளைங்களுக்கு வாங்காதீங்க.


நூல்நிலைய ஆசிரியை

கடை ஞாயிறு என்றால் பள்ளிகளைத் திங்களில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதல் பாடவேளையில் வேண்டாம். திங்கட்கிழமை சபைகூடல் எப்போது முடியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஒரு பள்ளிக்கு 9 மணி, மற்றதற்கு ஓய்வு நேரம் முடிந்து 11 மணி என்று கேளுங்கள்.

கடிதம் தலைமையாசிரியர் பெயருக்கு, நகல் நூல்நிலைய ஆசிரியருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவருக்கும். குறைந்தது ஆறு வாரம் முன்னதாக. புத்தகம் விற்பதாக இருந்தால் அதைக் கடிதத்திலேயே எழுதி அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். நிகழ்ச்சிக்கு மட்டும் ஒப்புதல் வாங்கிவிட்டு வாசலில் மேசை போட்டால் ஆசிரியருக்குத்தான் சங்கடம். 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. முதல் மூன்று வாரமும், ஆண்டிறுதியில் நடக்கும் தேர்வு வாரங்களும் ஆகாது. ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021-இல் ஒழிந்த பிறகு ஆறாம் ஆண்டு மாணவர்களையும் ஆண்டு நடுவில் வகுப்பிலிருந்து அனுப்ப ஆசிரியர்கள் முன்போல் தயங்குவதில்லை.

முழுப் பள்ளியையும் ஒரே மண்டபத்தில் உட்காரவைக்கச் சொல்வார்கள், மறுத்துவிடுங்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும், ஆறாம் ஆண்டுப் பிள்ளை கதையின் முடிவை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடும். படிநிலை 1-க்கு (ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு) ஓர் அமர்வு, படிநிலை 2-க்கு (நான்கு முதல் ஆறாம் ஆண்டு) ஓர் அமர்வு. பாடவேளை முப்பது நிமிடம், ஒன்றரைப் பாடவேளை கேட்டால் கொடுப்பார்கள். மாணவர் எண்ணிக்கை 150-க்குக் கீழே இருந்தால் அது குறைந்த மாணவர் பள்ளிக் கணக்கில் வரும், நம் தோட்டத்துப் பள்ளிகள் பலவும் அப்படித்தான். அத்தகைய பள்ளிகளில் மொத்தமே எழுபது எண்பது பேர் என்றால் இரண்டு அமர்வும் சிறு குழுவாகவே அமையும். எழுத்தாளருக்கும் அதுதான் வசதி.

பணம்: 175 வெள்ளி சிறிய பள்ளிக்குக் கனம். நூல்நிலையத்துக்கென, மாணவர் தலைக்கு இவ்வளவு என்று வரும் தலைக்கட்டு மானியத்தில் புத்தகம் வாங்கலாம், பேச்சாளர் சன்மானத்தை அதில் எழுதுவது சிக்கல். சன்மானத்துக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைக் கேளுங்கள், நூல்நிலையத்துக்கு ஐந்து பிரதியைப் பள்ளி வாங்கட்டும். பள்ளிக்கு விற்க விலைப்பட்டியல், ஒப்படைப்புச் சீட்டு, இன்வாய்ஸ், கடைப் பதிவுச் சான்றின் நகல், வங்கிக் கணக்கு எண் தெரியும் பக்கம் எல்லாம் கேட்பார்கள். பணம் வர ஒரு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முன்பதிவுப் படிவம். விற்பனை பள்ளியில் நடப்பதில்லை, படிவத்தில்தான் நடக்கிறது. ஏ4 தாளை இரண்டாக வெட்டிய அளவு. மேலே அட்டைப் படம், நடுவில் விலை, கீழே வெட்டிக் கொடுக்கும் பகுதி: மாணவர் பெயர், வகுப்பு, எத்தனை பிரதி, பெற்றோர் கையொப்பம். பத்துப் பள்ளி நாள் முன்னதாகக் கொடுங்கள், சம்பள நாள் அதற்குள் வரவேண்டும். வருகைக்கு மூன்று நாள் முன்னதாக மூடுங்கள். பணத்தை உறையில் போட்டு உறைமேல் பெயரும் தொகையும் எழுதச் சொல்லுங்கள், வகுப்புக்கு ஒரு பெரிய உறை. கியூஆர் குறியீடும் போடலாம், ஆனால் பிள்ளை பெயரைக் குறிப்பில் எழுதாமல் அப்பா பெயரில் 15 வெள்ளி வந்து நின்றால் அது யாருடையது என்று கண்டுபிடிக்கவே ஒரு மாலைப்பொழுது போகும்.

படிவத்தில் பெயரைத் தமிழில் எழுதச் சொல்லி ஒரு தனிக் கட்டம் போடுங்கள். இது சின்ன விஷயம் இல்லை. பிறப்புப் பத்திரத்தில் பெயர் ரூமியில் (ஆங்கில எழுத்தில்) இருக்கும். அதைப் பார்த்துத் தமிழில் எழுதினால் தர்ஷினி தார்சினி ஆவாள், லோகேஸ்வரன் லொகெஷ்வரன் ஆவான். கையொப்பமிட்ட புத்தகத்தில் பெயர் தவறாகிவிட்டால் அந்தப் பிரதி வீண், பிள்ளையின் முகமும் வாடிவிடும். வகுப்பாசிரியர் ஒருமுறை சரிபார்த்து, ஒவ்வொரு பெயரையும் ஒட்டும் துண்டுத்தாளில் பெரிதாக எழுதி, புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தில் ஒட்டி அனுப்பிவிட்டால் எழுத்தாளர் முதல் நாள் இரவே அறையில் உட்கார்ந்து எல்லாவற்றிலும் எழுதி முடித்துவிடலாம். துண்டுத்தாளில் வகுப்பையும் எழுதி, வகுப்புவாரியாக ரப்பர் பட்டை போடுங்கள்.

வாங்க முடியாத பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வகுப்பில் பத்துப் பேர் கையில் புத்தகமும் இருபது பேர் கையில் ஒன்றும் இல்லாமலும் நிற்பதைத் தவிர்க்க, எல்லாருக்கும் எழுத்தாளர் கையொப்பமிட்ட புத்தகக்குறி ஒன்று கொடுங்கள். அட்டைத்தாளில் அச்சடித்து வெட்டினால் செலவு அதிகமில்லை. அதன் பின்பக்கம் நூல்பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் தமிழிலும் ரூமியிலும் போட்டுவிட்டால், நூல்நிலையப் பிரதியைப் படித்த பிள்ளையும் நிலாம் (பள்ளி வாசிப்புத் திட்டம்) பதிவில் ஏற்றிக்கொள்ளும்.


படமும் கதையும்

எழுத்தாளர் தரப்பிலிருந்து. முதலில் தைப்பிங் நண்பரின் கணக்கைக் கொஞ்சம் திருத்துகிறேன். கடையில் ஒன்று, இரண்டு பள்ளியிலும் படிநிலைக்கு ஒன்றாக நான்கு. ஆக மொத்தம் ஐந்து அமர்வு. அதற்கு 300 வெள்ளி என்றால் அமர்வுக்கு 60. பயணத்துக்கு இவ்வளவு என்று பேசாமல் அமர்வுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் கொடுப்பது எழுத்தாளருக்குப் போகட்டும். கடைக்குத் துண்டு விழாமல் காப்பது முன்பதிவுதான்: இரண்டு பள்ளியிலும் சேர்த்து 60 புத்தகம் என்றால் 900 வெள்ளி, அதில் 40 விழுக்காடு 360. அவர் சொன்ன 350 அதிலேயே அடைந்துவிடுகிறது. இன்னொன்று, சொந்தமாக அச்சிடுகிறவருக்கு அச்சுச் செலவு போக 15 வெள்ளியில் மிஞ்சுவது குறைவு. 40 என்று கேட்டுவிட்டு 35-க்கு இறங்கினால் நல்லது, பயணச் செலவை அன்றே கையில் கொடுத்தால் இன்னும் நல்லது.

ரயில் விஷயம். இடிஎஸ் விரைவு மின்ரயில் சுங்கை சிப்புட்டில் நிற்கும், ஆனால் எல்லா வண்டியும் நிற்காது. டிக்கெட் எடுக்கும்முன் நிறுத்தத்தைப் பாருங்கள். ஈப்போவில் இறங்குவதாக இருந்தால் முப்பது கிலோமீட்டருக்குக் கார் அனுப்ப வேண்டும். நீண்ட விடுமுறையை ஒட்டிய ஞாயிறு என்றால் திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுத்துவிடுங்கள்.

அமர்வு நாற்பது நிமிடம் என்றால் வாசிப்பு பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. எழுதப்பட்ட தமிழ் காதுக்கு நீளம். "ஓடிக்கொண்டிருந்தபோது" என்று இழுத்து முடிப்பதற்குள் பின்வரிசை பாயைப் பிய்க்கத் தொடங்கியிருக்கும். எழுத்தாளர் தன் கதையை முன்கூட்டியே வாய்விட்டு வாசித்து, நீண்ட வாக்கியங்களில் பென்சிலால் கோடு போட்டு, அங்கே பேச்சுத் தமிழில் சொல்லிவிடுவது நல்லது. படத்தைக் காட்டும்போது புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் தோளுக்குப் பக்கத்தில் பிடித்து, இடமிருந்து வலமாக மெல்லத் திருப்ப வேண்டும். முப்பது பிள்ளைகள் வரை இது போதும். அதற்கு மேல் திரை வேண்டும். பக்கங்களைப் படமெடுத்துத் திரையில் போட ஓவியரிடமும் பதிப்பாளரிடமும் சம்மதம் வாங்குங்கள், 1987 பதிப்புரிமைச் சட்டம் கதைக்கும் படத்துக்கும் தனித்தனியாகப் பொருந்தும். சொந்தப் பதிப்பு என்பதால் ஓவியரையும் கேட்டாயிற்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடைக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. நின்று சுழலும் காற்றாடியை மட்டும் நிறுத்துங்கள், அதன் இரைச்சல்தான் குரலை விழுங்குகிறது. பள்ளி மண்டபத்தில் கையில் பிடிக்கும் மைக் கொடுத்தால் புத்தகத்தைத் திருப்ப ஒரு கைதான் மிஞ்சும். தலையில் மாட்டும் மைக், இல்லையென்றால் தாங்கி. ஒலிபெருக்கிப் பெட்டி பேசுபவருக்கு முன்னால், பிள்ளைகளைப் பார்த்து இருக்கட்டும். பின்னால் வைத்தால் கீச்சென்று கத்தும். மாற்று பேட்டரி இரண்டு சட்டைப் பையில். தகரக் கூரை மண்டபத்தில் மழை பிடித்தால் எந்த மைக்கும் உதவாது. வாசிப்பை விட்டுவிட்டு வரைய உட்கார்ந்துவிடுங்கள். அதற்காகவே தாளும் வண்ணப் பென்சிலும் எப்போதும் பெட்டியில் இருக்கவேண்டும்.

"கேள்வி இருக்கா?" என்று கேட்டால் மண்டபம் அமைதியாகிவிடும், பிறகு ஒருவன் "உங்களுக்கு எத்தனை வயசு?" என்பான், மற்றவர்கள் அதையே திருப்பிக் கேட்பார்கள். ஒரு வாரம் முன்பே கடையில் ஒரு பெட்டி வைத்துக் கேள்விகளை எழுதிப் போடச் சொல்லுங்கள். அதிலிருந்து எட்டைப் பொறுக்கி, எழுதிய பிள்ளையையே எழுந்து வாசிக்கச் சொல்ல வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டு, இப்போது வீட்டில் புழங்காத தோட்டத்துச் சொல் ஒன்றைச் சீட்டில் எழுதிக்கொண்டு வரட்டும். பெரட்டு, தண்டல், லயம், மங்கு, ஒட்டுப்பால், காண்டாக் கம்பு என்று வரும். சுவரில் ஒரு பெரிய தாளில் அதையெல்லாம் ஒட்டி, மூன்று சொல்லை எடுத்து எல்லாரும் சேர்ந்து அங்கேயே ஒரு கதை கட்டலாம். மங்கு என்றால் பால்மரத்தில் கட்டும் கிண்ணம் என்று டவுன் பிள்ளைக்குத் தோட்டத்துப் பிள்ளை சொல்லிக் கொடுக்கும்போது இருவருக்கும் இடையில் இருக்கும் கூச்சம் போய்விடுகிறது. செம்பனைக்கு மாறிய பிறகு பிறந்தவர்களுக்கு மங்கு எப்படியிருக்கும் என்றே தெரியாது. கிடைத்தால் ஒன்றை மேசைமேல் வையுங்கள்.

பலகாரம் கையெழுத்துக்குப் பிறகு. கறிபாப் தின்ற விரல் அட்டையில் பட்டால் எண்ணெய்க் கறை துடைத்தாலும் போகாது. கச்சானும் (நிலக்கடலை) முந்திரியும் வேண்டாம், ஒவ்வாமை யாருக்கு இருக்கிறது என்று தெரியாது. புரட்டாசியில் வைப்பதாக இருந்தால் சைவம்.


வாசல்படி, சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் நன்றி. ஏழாம் தேதிக்கு அடுத்த ஞாயிறு காலை பத்தரை, திங்களில் இரண்டு பள்ளி என்று எழுத்தாளருக்கு மின்னஞ்சல் போட்டாயிற்று. கட்டணத்தை இப்படி வைக்கலாமா: டவுனில் பெயர் கொடுப்பவர்களுக்குக் குடும்பத்துக்கு ஐந்து வெள்ளி, புத்தகத்தில் கழியும். வேனில் வருபவர்களுக்கு ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். புத்தகம் வழவழப்பான தாளில் அச்சானது, எந்தப் பேனா? முகநூலில் படம் போடப் பெற்றோரிடம் எப்படிச் சம்மதம் வாங்குவது?


இரண்டாம் அலமாரி, தைப்பிங்

குடும்பத்துக்கு ஐந்து என்பது நான் சொன்னதைவிட நல்ல யோசனை. ஆனால் வேன் பிள்ளைகளுக்கு வேறு நிறச் சீட்டு கொடுத்துப் பிரித்துக் காட்டாதீர்கள். எல்லாருக்கும் ஒரே வரிசை எண், பத்துப் பத்துப் பேராகக் கூப்பிடுங்கள். பெயர்த்துண்டு ஒட்டியிருந்தால் ஒரு பிரதிக்கு அரை நிமிடம், நாற்பதுக்கு இருபது நிமிடம். இல்லாவிட்டால் பெயர் கேட்டு எழுதவே இரட்டிப்பு நேரம், பன்னிரண்டரைக்கு வேன் போகாது.

பேனா: வழவழப்புத் தாளில் ஜெல் பேனா ஈஷும், ஊற்றுப்பேனா காயவே காயாது. நுனி மெல்லிய, அழியாத மை மார்க்கர்தான், கறுப்பு மூன்று. தடித்த நுனி மறுபக்கம் தெரியும். முதல் பிரதியில் எழுதும்முன் மாதிரிப் பிரதியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, அரை நிமிடம் விட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். கையெழுத்திட்ட பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளைத்தாளை வைத்து மூடிக் கொடுத்தால் எதிர்ப்பக்கத்தில் மை ஒட்டாது.

படம்: பெயர் பதியும் தாளிலேயே ஒரு கட்டம் போடுங்கள், "பிள்ளையின் படத்தைக் கடையின் முகநூலில் போடலாம் / வேண்டாம்". வேண்டாம் என்றவர்களின் பிள்ளைகளுக்குச் சட்டையில் ஒரு மஞ்சள் பொட்டு ஒட்டுங்கள், படம் எடுப்பவருக்குத் தூரத்திலிருந்தே தெரியும். பள்ளியில் எடுப்பதற்குத் தலைமையாசிரியரிடம் தனியாகக் கேட்க வேண்டும். பெயரும் வகுப்பும் சேர்த்துப் படத்தின்கீழ் எழுதாதீர்கள், சொல் ஒட்டிய சுவரைப் படமெடுத்துப் போட்டாலே போதும்.


செம்பனைக் காடு

மங்கு வேணும்னா பழைய ஸ்டோர்ல கிடக்கும், கிராணிகிட்ட அந்தக் கேட் கடிதம் குடுக்குறப்பவே கேட்டு வைங்க. பீங்கான்ல வந்தது பழசு, கண்ணாடியிலயும் இருக்கு. உடஞ்சா கைய வெட்டும், சின்னப் பிள்ளைங்க கையில குடுக்காதீங்க.